வசவு வராத பதிவாளர்

தோன்யா ப்ரானாவில் பிறக்கும் குழந்தை முதலில் 'அம்மா' என்று சொல்லும். இரண்டாவதாகச் சொல்வதை அச்சில் ஏற்ற முடியாது. ஊரைக் குறை சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். மொராவா ஆற்றங்கரை நெடுகிலும் அப்படித்தான். மழை பெய்தால் மேகத்தின் தாயைத் திட்டுவார்கள், பெய்யாவிட்டால் சூரியனின் தகப்பனை. டிராக்டர் கிளம்பவில்லை என்றால் அதைச் செய்த தொழிற்சாலையின் ஏழு தலைமுறையும் தெருவுக்கு வரும். பாதிரியாரே கூட, மெழுகுவர்த்தி பற்றாமல் அழிச்சாட்டியம் செய்யும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். அது ஜெபம்தான் என்று ஊர் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டிருக்கிறது.

அப்பேர்ப்பட்ட ஊரில் ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். நகராட்சி அலுவலகத்தின் திருமணப் பதிவாளர் வுக்காஷின். அவருக்குத்தான் டூரெட் நோய் இருந்தது.

அந்தப் பெயரை அவருடைய முப்பத்தொன்றாம் வயதில் பெல்கிரேடு நரம்பு மருத்துவர் ஒருவர் வைத்தார். அதுவரை ஊர் வைத்திருந்த பெயர் 'வுக்காஷினோட ஸ்பிரிங்'. கண்கள் இரண்டும் படபடவென்று சிமிட்டும். இடது தோள், யாரோ கூப்பிட்டதுபோல், காது வரை எழும்பிப் பார்த்துவிட்டு இறங்கும். தொண்டையிலிருந்து, முட்டையிட இடம் தேடும் கோழியின் சத்தம் ஒன்று வெளிப்படும். அவ்வளவுதான் நோய். ஏழு வயதிலேயே அவர் ஒரு முடிவு எடுத்திருந்தார். உடம்பில் மற்றதெல்லாம் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது, வாய் ஒன்றாவது சொன்னபடி கேட்கட்டும். கேட்டது.

அவருடைய மனைவி ஸ்மில்யாவுக்கு ரொட்டிக்கடையில் வேலை. வசவில் ஊரின் முதல் வரிசை. கடையில் யாராவது வரிசையை மீறினாலோ, அடுத்த வீட்டு நாய் தக்காளிப் பாத்தியில் புரண்டாலோ, முதலில் தன் பங்கைத் திட்டி முடிப்பாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "உன் பங்கையும் சேத்துத் திட்டிடவா?" என்று கேட்பாள். "வேண்டாம்" என்பார் வுக்காஷின். முப்பது வருடமாக அதே கேள்வி, அதே பதில்.

மருத்துவருக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. சிவப்பு, நீலம், வெள்ளைப் பட்டையைக் குறுக்காகத் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாணக் கூடத்தில் மணமக்கள் முன்னால் நின்று, "அன்பான மணமக்களே" என்று வுக்காஷின் ஆரம்பித்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். கண் சிமிட்டாது, தோள் எழாது, கோழி வராது. பதினொரு நிமிடம். இருபத்தாறு வருடங்களில் ஒரு கல்யாணத்திலும் அது பிசகியதில்லை. முடிந்ததும் கூடத்துக்குப் பின்னால் முத்திரைகளும் பழைய பதிவேடுகளும் இருக்கும் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வார். அடக்கி வைத்ததெல்லாம் அங்கே மொத்தமாக வந்து சேரும். அந்த அறைக்குள் ஸ்மில்யாவைக்கூட அவர் விட்டதில்லை.

அடுத்த வருட மே மாதம் மகள் நெவெனாவுக்குக் கல்யாணம். பட்டையைப் போட்டுக்கொண்டு அப்பாதான் வாசிக்க வேண்டும் என்று பத்து வயதிலிருந்தே அவள் சொல்லி வைத்திருந்தாள். பெற்ற மகளுக்கே தகப்பன் பதிவாளராக நிற்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்டபோது, அலுவலகத் தலைவி தெசாங்கா, "நான் அன்னைக்குக் கண்ண மூடிக்கறேன், போ" என்று வாக்குக் கொடுத்திருந்தார். வுக்காஷின் அந்தப் பதினொரு நிமிடத்துக்கான வாசகத்தை நான்கு முறை திருத்தி எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். வாழ்க்கையில் அவர் வேறு எதற்கும் ஆசைப்பட்டதாகத் தகவல் இல்லை.

இந்த நிலையில்தான் நெபோய்ஷா வந்து சேர்ந்தார்.

நெபோய்ஷா அவருடைய கூம். பள்ளியில் ஒரே பெஞ்சு. பிறகு வுக்காஷின் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர். நெவெனாவுக்குப் பெயர் வைத்து, ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தியவர். கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கூமோடு கூடாது. 'வானத்தில் கடவுள், பூமியில் கூம்' என்பது பழமொழி. இருவரில் யார் அடிக்கடி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவார் என்பதைப் பழமொழி சொல்வதில்லை. பெல்கிரேடில் திரைப்பட இயக்குநராக இருந்த நெபோய்ஷா அதுவரை மூன்று படங்கள் எடுத்திருந்தார். அவற்றைப் பார்த்தவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்துவிடலாம்.

"கூமே, உன்னப் பத்தி ஒரு படம் எடுக்கப் போறேன்."

"என்னப் பத்தியா? நான் என்ன பண்ணிட்டேன்?"

"அதுதாண்டா அழகே. நீ ஒண்ணும் பண்ணல. எல்லாம் தானா நடக்குது!"

வுக்காஷின் யோசித்தார். திரைப்படங்களில் மருத்துவம் என்பது தனி சாஸ்திரம் என்று அவருக்குத் தெரியும். அதன்படி, தலையில் அடிபட்டு நினைவிழந்தவனுக்கு அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் நினைவு திரும்பிவிடும். மூன்று வருடம் கோமாவில் கிடப்பவளுக்கு உதட்டுச்சாயம் அழியாது. வலிப்பு வந்து எழுந்தவன் நாளை நடக்கப்போவதைச் சொல்வான். மன இறுக்கம் உள்ள பையன் ஏழு இலக்கப் பெருக்கலை மனதிலேயே போடுவான். டூரெட் வந்தவனோ, தவறாமல், சவ அடக்கத்தின் நடுவில் கெட்ட வார்த்தை கத்துவான்.

"அந்த மாதிரி எதுவும் வேண்டாம், கூமே."

"சேச்சே! உன் வீட்டு ரொட்டியும் உப்பும் தின்னவண்டா நான். உள்ளத உள்ளபடி எடுப்பேன்."

ரொட்டியோடும் உப்போடும் நிறுத்திக்கொண்டார் என்று சொல்ல முடியாது. நாற்பது நாள் தங்கினார். ஸ்மில்யா செய்த கறி அடைத்த குடைமிளகாயைத் தட்டுத் தட்டாகச் சாப்பிட்டார். கையில் எப்போதும் ஒரு நோட்டு. வுக்காஷினும், யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னார். தும்மல் வரும்போது அடக்குவது மாதிரிதான், ஆனால் தும்மல் உடம்பு முழுக்க இருக்கும் என்றார். பள்ளிக்கூடத்தில் தோளில் செங்கல் கட்டிவிட்ட வாத்தியாரைப் பற்றிச் சொன்னார். கெட்ட வார்த்தை கத்துவது இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் வரும், தனக்கு வந்ததே இல்லை என்றார். நெபோய்ஷா அதை எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டார். கடைசியில் ஒரு சனிக்கிழமை, மூன்று கல்யாணம் முடிந்த பிறகு, பின்னறைக் கதவைத் திறந்து, "வா, உள்ள வா" என்று கூப்பிட்டார் வுக்காஷின். பதிவேடுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நெபோய்ஷா எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்து அழவும் செய்தார். அந்தக் கண்ணீர் உண்மையானது என்பதில் வுக்காஷினுக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. அதுதான் அவருக்குக் கடினமாக இருக்கிறது.

அந்த வருட அக்டோபரில் ஊர்க் கலாசார மன்றத்தில் முதல் காட்சி. முதல் வரிசையில் வுக்காஷின், புது கோட்டு, பக்கத்தில் ஸ்மில்யா. திரையில் 'இது ஓர் உண்மைக் கதை' என்ற எழுத்துகள் வந்தன. பட்டை போட்ட பதிவாளர் ஒருவர் வந்தார். "அன்பான மணமக்களே" என்றார். மணமகளின் தாயைப் பார்த்தார். அதன்பிறகு அவர் வாயிலிருந்து வந்தது ஒன்றரை நிமிடம் நீடித்தது. மணமகளின் தாயில் தொடங்கி, நகராட்சித் தலைவர் வழியாக, பிஷப்பின் தாடியில் முடிந்தது.

கலாசார மன்றம் வெடித்தது. நாற்பது வருடமாக ரிப்பேரில் இருந்த நாற்காலிகள் இரண்டு உடைந்தன. தங்கள் வீட்டில் தினமும் காலைச் சாப்பாட்டின்போது கேட்கிற அதே வார்த்தைகளுக்கு ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

பிறகு பின்னறை வந்தது. பதிவேடுகள், ஸ்டூல், தாழ்ப்பாள்வரை அச்சு அசல் அப்படியே. அதற்குள் நடிகர் தலையைச் சுவரில் மோதிக்கொண்டு ரத்தம் வடிய அழுதார். ஊரும் அழுதது. கடைசியில் வயலின் வாசிக்கிற ஓர் அழகி அவர் கையைப் பிடித்தாள், நோய் குணமாகிவிட்டது.

"யாரு அந்த வயலின்காரி?" என்று இருட்டில் கேட்டாள் ஸ்மில்யா.

"எனக்கென்ன தெரியும்?"

"நாப்பது நாள் நான் சமைச்சேன், அவ வந்து குணப்படுத்தறாளா?"

முடிவில் 'என் கூமுக்கு' என்று ஒரு வரி வந்தது. மன்றம் முழுக்கத் திரும்பி வுக்காஷினைப் பார்த்தது. அவருடைய தோள் எழும்பியது. கோழி கூவியது. எல்லோரும் ஆவலோடு காத்திருந்தார்கள். வேறொன்றும் வரவில்லை.

படத்துக்கு வெளிநாட்டில் பரிசு கிடைத்தது. பாராட்டுரையில் 'துணிச்சலான நேர்மை' என்று எழுதியிருந்தார்களாம். தோன்யா ப்ரானாவில் வேறு விளைவுகள் உண்டாயின. மாப்பிள்ளைத் தோழர்கள் சிலர் வுக்காஷின் எத்தனையாவது நிமிடத்தில் ஆரம்பிப்பார் என்று பந்தயம் கட்டினார்கள். ஒருத்தன், காரியம் விரைவாகட்டும் என்று, கையெழுத்துப் போடும் சாக்கில் அவரைக் கிள்ளியும் பார்த்தான். ஒரு மணமகளின் தாய் காதில் பஞ்சோடு வந்து உட்கார்ந்தாள். பதினொரு நிமிடம் முடிந்ததும் பஞ்சை எடுத்துவிட்டு, என்ன சொன்னார் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தாள்.

நவம்பர் கடைசியில் தெசாங்கா கூப்பிட்டு அனுப்பினார். தங்கமான மனுஷி. மேசை இழுப்பறை திறக்காததால் அதன் தாயைத் திட்டிவிட்டு, கால்முட்டியால் இடித்துத் திறந்து, ஒரு கத்தைக் காகிதத்தை வெளியே போட்டார்.

"பத்தொம்பது புகார்."

"நான் திட்டினேன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல, வுக்காஷின். திட்டிடுவியோன்னு பயமா இருக்காம்."

"இருபத்தாறு வருஷமா ஒரு வார்த்தை..."

"அதான்டா அவங்க பயமே! இருபத்தாறு வருஷமா அடக்கி வச்சிருக்கான், மொத்தமும் நம்ம பொண்ணு கல்யாணத்துல வெடிச்சா என்ன பண்றதுன்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது?"

டிசம்பரில் விசாரணைக் கமிஷன் கூடும் என்றார் தெசாங்கா. அது கூடினால், அவரைக் கீழ்த்தளத்தில் மரணப் பதிவுக்கு மாற்றிவிடுவார்கள். "அங்க யாரும் புகார் குடுக்க மாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரே வழி இருக்கு. உன் கூம்கிட்ட ஒரு காகிதம் வாங்கிட்டு வா. திட்டறதெல்லாம் கற்பனை, வுக்காஷினுக்கு அது கிடையாதுன்னு ரெண்டு வரி. கீழ கையெழுத்து. பேப்பர் இருந்தா நான் சமாளிச்சுக்கறேன். மே மாசமும் உன்னுதுதான்."

தொலைபேசியில் நெபோய்ஷா உருகிப் போனார். "ரெண்டு வரியா? இருபது வரி எழுதறேன்டா! ஸ்லாவாவுக்கு வர்றேன்ல, அன்னைக்கே போட்டுடறேன்."

ஸ்லாவா என்பது குடும்பத்துப் புனிதரின் நாள். வுக்காஷின் வீட்டுக்கு நிக்கோலா புனிதர். டிசம்பர் விரதத்தில் வருவதால் இறைச்சி கிடையாது, மீன்தான். அன்று யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. நின்றபடி ஊற்றிக் கொடுக்க வேண்டும். வந்தவரிடம் கடுஞ்சொல் சொன்னால் புனிதரையே வாசலில் நிறுத்திய பாவம். முதல் கிளாஸ் பாதிரியாருக்கு, அடுத்தது கூமுக்கு.

நெபோய்ஷா பரிசுச் சிலையையும் தூக்கிக்கொண்டு வந்தார். எரிகிற மெழுகுவர்த்திக்கும் வேகவைத்த கோதுமைக்கும் நடுவில் அதை வைத்தார்கள். மீன் சூப் முடிந்து கெண்டை மீன் வந்தபோது, வுக்காஷின் தட்டச்சு செய்த காகிதத்தையும், இருபத்தாறு வருடம் மணமக்கள் கையெழுத்துப் போட்ட தன் பேனாவையும் கூமின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நெபோய்ஷா படித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். மறுபடி படித்தார்.

"கூமே, இதுல ஒரு சிக்கல் இருக்கு."

"ரெண்டு வரிதானே."

"படத்த வெளிநாட்டுக்காரன் வாங்கிட்டான். 'உண்மைக் கதை'ன்னு ஒப்பந்தத்துல இருக்கு. இதுல கையெழுத்துப் போட்டா என்னப் பொய்யன்னு சொல்லுவான்."

"நீ சொன்னது பொய்தானே?"

"அது கலைடா!"

"நான் ஒரு நாளாவது திட்டியிருக்கேனா? நாப்பது நாள் கூட இருந்தியே."

நெபோய்ஷா முன்னால் குனிந்தார். குரலில் நிஜமான அன்பு இருந்தது. "அதான்டா பிரச்சினையே. உன்கூட நாப்பது நாள் இருந்து பாத்துட்டேன். உன் நோய்ல ஒண்ணுமே இல்லடா. கண்ணச் சிமிட்டற, தோளத் தூக்கற. திரையில பாத்தா ஈ ஓட்டற மாதிரி இருக்கு. இதுக்கு எவன் டிக்கெட் வாங்குவான்? நான் உன்ன மனுஷங்க கவனிக்கற மாதிரி பண்ணேன்."

வுக்காஷினின் கண்கள் சிமிட்டத் தொடங்கின. தோள் எழுந்தது, மறுபடி எழுந்தது. அன்று பட்டை இல்லை, பின்னறையும் இல்லை. கையில் மது ஜாடி மட்டும் இருந்தது. தொண்டையில் கோழி முட்டி மோதியது.

"பாருங்க, பாருங்க," என்றார் நெபோய்ஷா விருந்தாளிகளிடம், விரலை உயர்த்தி. "வருது!"

பாதிரியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்ளத் தயாரானார். பக்கத்து வீட்டுக்காரர் நன்றாகக் கேட்பதற்காகக் காதுக் கருவியைத் திருகினார். எல்லோருடைய முகத்திலும் அச்சமும் ஆசையும் சம அளவில் இருந்தன. வுக்காஷின் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாற்பது வருடம் பழகிய முகங்கள்.

"கொக்," என்றது தொண்டை. அவ்வளவுதான். ஏமாற்றத்தோடு மீனுக்குத் திரும்பினார்கள்.

காகிதத்தில் கையெழுத்துக்கான இடம் வெற்றாகவே இருந்தது. அதன் ஓரத்தில் கெண்டை மீன் எண்ணெய் பட்டிருந்தது. வுக்காஷின் அதை மடித்துப் பையில் வைத்தார், பேனாவையும். கூமின் கிளாஸ் காலியாக இருப்பதைக் கண்டு அதை நிரப்பினார். அடுக்களையில் ஸ்மில்யா மீன் தலையைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்த மீன் செய்த பாவம் யாருக்கும் தெரியாது.

"உன் பங்கையும் சேத்துத் திட்டிடவா?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வேண்டாம். விருந்தாளி."

திங்கட்கிழமை கமிஷன் கூடியது. செவ்வாய்க்கிழமை வுக்காஷின் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். பட்டையை மடித்து தெசாங்காவிடம் கொடுத்தபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் யாரையோ திட்டினார்.

ஏப்ரலில் நெவெனா வந்து நின்றாள். "சாட்சிக்கு அந்த ஆளு வேண்டாம்ப்பா. நான் வேற யாரையாவது நிறுத்திக்கறேன்."

"ஞானஸ்நானம் பண்ண கூம்தாம்மா நிக்கணும்."

"அவரு பண்ணதுக்கப்பறமுமா?"

"அவரு முறையக் கெடுத்துட்டாருன்னு நாமளும் கெடுக்கறதா?"

நெவெனா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் தாயின் மகள், மனதுக்குள் திட்டியிருப்பாள்.

மே மாதம் அதே கூடம், அதே கம்பளம். பட்டை இப்போது மிலுதின் தோளில் கிடந்தது. வரிப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர், பூரண ஆரோக்கியவான். "அன்பான மணமக்களே" என்று அவர் ஆரம்பித்ததும் ஒலிபெருக்கி கீச்சிட்டது. மிலுதின் அதைச் செய்தவனின் தாயை, ஒலிபெருக்கி வழியாகவே, தெளிவான உச்சரிப்பில் திட்டினார். கூடம் குலுங்கிச் சிரித்தது. "எவ்வளவு இயல்பான மனுஷன்!" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. புகார் எதுவும் வரவில்லை.

முதல் வரிசையில், பட்டை இல்லாமல், தகப்பனுக்குரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் வுக்காஷின். நான்கு முறை திருத்தி எழுதிய வாசகம் பையில் இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் அந்தக் கூடத்தில் முதல்முறையாக அவருடைய கோழி கூவியது. அத்தை திரும்பிப் பார்த்தாள். மடியிலிருந்த குழந்தையின் காதுகளை இரண்டு கையாலும் பொத்தினாள்.

சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டிய நேரம் வந்தது. நெபோய்ஷா குனிந்தார். மிலுதினின் பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார்கள், ஊதிப் பார்த்தார்கள், மிலுதின் அதன் வம்சத்தையும் விசாரித்தார். வுக்காஷின் எழுந்தார். தோள் ஒருமுறை துள்ளியது. நடந்துபோய்த் தன் பேனாவை நீட்டினார்.

நெபோய்ஷா அதைக் கையில் வாங்கினார். எந்தப் பேனா என்று தெரிந்தது. "கூமே," என்றார் தாழ்ந்த குரலில், "இந்தக் கோழிச் சத்தம்... நல்லா இருக்குடா. படத்துல வச்சிருக்கலாம். நான் கவனிக்கவே இல்ல பாரு."

"கையெழுத்து இங்க," என்றார் வுக்காஷின், விரலால் கட்டத்தைக் காட்டி.

நெபோய்ஷா போட்டார். பெரிய, வளைவான, தடங்கலே இல்லாத கையெழுத்து. ஸ்லாவா அன்று அந்த இரண்டு வரிக்குக் கீழே விழ மறுத்த கையெழுத்து இதுதான். வுக்காஷின், பழக்க தோஷத்தில், அது கட்டத்துக்குள் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மையை ஒற்றியெடுத்தார். பேனாவைத் திரும்ப வாங்கி, மூடியைப் போட்டு, நாற்காலிக்கு வந்தார்.

பக்கத்தில் ஸ்மில்யா கூமைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். உதடு அசையாமல் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் எதையும் கேட்கவில்லை. வுக்காஷின்தான் அவள் காதருகே சாய்ந்தார்.

"ஸ்மில்யா," என்றார், "என் பங்கையும் சேத்துக்கோ."